சாம்பல் நிறத்தில் ஆறு மாவட்டங்கள்

என் தாய்மாமா சங்கராபுரம் பக்கத்தில் ஒரே வீட்டில்தான் வாழ்நாள் முழுக்க இருக்கிறார். அவர் பிறந்தபோது அந்த வீடு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். அதே திண்ணை, அதே வேப்பமரம், முகவரியின் கடைசி வரி மட்டும் மூன்று விதம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் மாவட்டவாரியாக எழுத்தறிவைக் காட்டும் ஒரு வரைபடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்பதுதான் இத்தனை நாளாக மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாலை நேர வகுப்புகள் நடத்தும் ஒரு சின்னக் குழுவில் நண்பர்களோடு நானும் இருக்கிறேன். அடுத்த வகுப்பை எங்கே தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது, தமிழ்நாடு முழுக்க எழுத்தறிவு எப்படி இருக்கிறது என்று ஒரு வரைபடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். மாவட்டவாரியாக நிறம் இருக்க வேண்டும், கைப்பேசியில் விரலை வைத்தால் எண் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். எண்களைப் படமாக்குவதுதான் என் அன்றாட வேலை என்பதால் அது இயல்பாக என் பக்கம் வந்தது. எண்களை வரைபடமாக்கித் தரும் இணையக் கருவியான டேட்டாராப்பரில் இது ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற காரியம். எல்லைக் கோப்பை ஏற்ற வேண்டும், எக்செல் அட்டவணையை ஒட்ட வேண்டும், நிறம் தேர்ந்தெடுத்து, விரல் வைத்தால் எழும் குட்டிப் பெட்டியில் என்ன வர வேண்டும் என்று எழுதினால் தீர்ந்தது. எண்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டேன். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, ஆகவே நாம் எல்லோரும் இன்னும் 2011-ஐத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லைகளுக்கு இன்றைய 38 மாவட்டங்கள் உள்ள கோப்பை எடுத்தேன். எல்லாத் தவறும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது, ஆனால் அன்று அது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. பார்ப்பவர்கள் இன்று வாழ்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்த மாவட்டங்களைத்தானே காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

பெயர்களோடு ஒரு மல்லுக்கட்டு

இப்படி ஒரு வரைபடம் செய்தவர்களுக்குத் தெரியும், வேலை பெரும்பாலும் வரைவதில் இல்லை, பொருத்துவதில் இருக்கிறது. ஒரு பக்கம் எண்கள், இன்னொரு பக்கம் எல்லைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு பொதுவான பத்தி, அதாவது அட்டவணையின் நெடுவரிசை, வேண்டும். மாவட்டத்தின் பெயரையே அந்தப் பத்தியாக வைத்துக்கொண்டால் பாடு பெரும்பாடு. விழுப்புரத்துக்கு ஆங்கிலத்தில் எல் ஒன்றா இரண்டா, தூத்துக்குடிக்கு எத்தனை கே, திருவள்ளூர் டியில் தொடங்கியதும் எச் வருமா வராதா, நீலகிரிக்கு முன்னால் 'தி' உண்டா இல்லையா என்று ஒவ்வொரு கோப்பும் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் புது எழுத்தில் வந்தன. அந்த வாரம் என் மேசையில் திறந்திருந்த கோப்புகளைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது.

சரி, தமிழில் எழுதிவிட்டால் பிரச்சினை தீருமா என்றால் அதுவும் இல்லை. திருப்பத்தூர் என்று எழுதினால் எந்தத் திருப்பத்தூர்? வேலூரிலிருந்து பிரிந்து 2019-இல் மாவட்டமானது ஒன்று, சிவகங்கை மாவட்டத்தில் தாலுகாவாக இருப்பது இன்னொன்று. ஆகப் பெயரை விட்டுவிட்டு எண் குறியீட்டுக்குப் போவதே உத்தமம். கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 33, மாவட்டங்களுக்கு 602 முதல் 633 வரை. விழுப்புரம் 607. தாலுகாக்களின் குறியீடுகள் ஐந்து இலக்கம், எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கும். எக்செலில் திறந்த நொடியே முன்னால் இருக்கும் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். அந்தப் பத்தியை எழுத்தாக வைக்கும்படி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதில் நான் இழந்த இரவுகள் கொஞ்சமல்ல.

இப்படிப் பொருத்தி முடித்ததும் ஆறு மாவட்டங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றன. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை. முதல் ஐந்தும் 2019-இல் பிறந்தவை, மயிலாடுதுறை 2020 கடைசியில். 2011-இல் தமிழ்நாட்டில் இருந்தவை 32 மாவட்டங்கள். 32 எண்களை வைத்துக்கொண்டு 38 கட்டங்களை எப்படி நிரப்புவது?

சாம்பலை மூடியது

குழுவில் காட்டினேன். முதல் கேள்வியே, "அது என்ன அங்கங்கே ஓட்டை?" என்பதுதான். கேட்டதில் தப்பில்லை. பார்ப்பதற்கு அது ஓட்டையாகத்தான் இருந்தது. துணியில் பொத்தல் விழுந்த மாதிரி கண் நேராக அங்கேதான் போனது. ஒருவர் யோசனை சொன்னார்: எந்த மாவட்டத்திலிருந்து பிரிந்ததோ அதன் எண்ணையே போட்டுவிடலாமே, பெரிய வித்தியாசம் இருக்காது. எனக்கும் சரி என்றே பட்டது. ஆறு வரிகளைச் சேர்த்தேன். விழுப்புரத்தின் 71.88 சதவீதம் கள்ளக்குறிச்சிக்கும் போனது. திருநெல்வேலியின் எண் தென்காசிக்கு, காஞ்சிபுரத்தின் எண் செங்கல்பட்டுக்கு, நாகப்பட்டினத்தின் எண் மயிலாடுதுறைக்கு, வேலூரின் எண் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும். ஐந்து நிமிட வேலை. பொத்தல் போய்விட்டது. கன்னியாகுமரி 91.75 என்று அடர் பச்சையில், தர்மபுரி 68.54 என்று வெளிர் பச்சையில், நடுவே மற்றவை எல்லாம் பளிச்சென்று நின்றன. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கீழே மூலத்தைக் குறிப்பிட்டேன். ஆறு எண்களை நான் கையால் போட்டேன் என்பதைக் குறிப்பிடவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமாவிடம் காட்டினேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பல வருடங்கள் வேலை பார்த்தவர். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு, கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலைக் கள்ளக்குறிச்சி மேல் வைத்தார். பெட்டி எழுந்தது: 71.88. விரலைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தி விழுப்புரத்தின் மேல் வைத்தார். 71.88. மறுபடி கள்ளக்குறிச்சி. மறுபடி விழுப்புரம். மூன்று நான்கு தடவை இப்படி விரலை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணாவே இருக்கே மாப்ள?"

"பழைய கணக்கு மாமா. அப்போ ரெண்டும் ஒரே மாவட்டம்தானே. அதனால அதையே போட்டிருக்கேன்."

"அப்போ இது எங்க மாவட்டத்துக் கணக்கு இல்ல."

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். குரலில் கோபம் எதுவும் இல்லை, வகுப்பில் கணக்கைத் திருத்துகிறவரின் நிதானம்தான் இருந்தது. "மலையில பள்ளிக்கூடத்துக்கு வந்த பசங்கள நான் பாத்திருக்கேன். வராத பசங்களையும் வீட்டுக்கே போய்ப் பாத்திருக்கேன். அந்தப் பசங்களும் திண்டிவனம் டவுன்ல படிச்ச பசங்களும் ஒரே கணக்கா? இத வச்சி நீ எங்க வகுப்பு ஆரம்பிப்ப?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வரைபடம் செய்ததே அதற்காகத்தான். எங்கே வகுப்பு வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு படம் போட்டு, வேண்டிய இடத்தையே அதில் மறைத்து வைத்திருக்கிறேன்.

நிறம் இருந்த மாவட்டங்களின் தவறு

அன்றிரவு மாடியில் படுத்தபடி யோசித்தேன். முதலில் சமாதானம்தான் வந்தது. ஆறு மாவட்டங்களை மறுபடி சாம்பலாக்கிவிடலாம், கீழே ஒரு வரி போட்டுவிடலாம், பிரச்சினை தீர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, தீரவில்லை. கள்ளக்குறிச்சியைச் சாம்பலாக்கினாலும் விழுப்புரத்தில் 71.88 அப்படியே நிற்கும். அந்த எண் யாருடையது? 2011-இல் 34,58,873 பேர் வாழ்ந்த, ஏறக்குறைய 7,200 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய பெரிய விழுப்புரத்தினுடையது. திண்டிவனமும் அதில் உண்டு, கல்வராயன் மலையும் அதில் உண்டு. நானோ அதை இன்றைய சுருங்கிய விழுப்புரத்தின் மேல் பூசியிருக்கிறேன். மலையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் எண்ணிக்கை, அவர்கள் இல்லாத ஒரு மாவட்டத்தின் சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வேலூர், திருநெல்வேலி, காஞ்சிபுரம், நாகப்பட்டினம் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆறு ஓட்டைகள் இருந்த அந்த முதல் வரைபடத்தில் அந்த ஆறும் உண்மையைத்தான் சொன்னன. தப்பாக இருந்தவை நிறம் இருந்த தாய் மாவட்டங்கள். அவற்றை யாரும் சந்தேகிக்கவில்லை, நானும்தான். பெயர் பொருந்தியது, குறியீடு பொருந்தியது, பொருந்தாதவை என்று மென்பொருள் காட்டிய பட்டியலில் அவை இல்லை. பெயர் ஒன்றாக இருந்தால் இடமும் ஒன்றுதான் என்று மென்பொருள் நம்பியது, அதை நம்பி நானும் விட்டுவிட்டேன்.

சென்னை இதைவிட மோசம். அதன் பெயரும் மாறவில்லை, அதிலிருந்து எதுவும் பிரியவும் இல்லை, ஆகவே யார் கண்ணிலும் படாது. ஆனால் 2011-இல் 175 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாவட்டம் 2018-இல் மாநகராட்சியின் எல்லை வரை விரிந்து 426 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டது. சேர்ந்த இடங்கள் அதுவரை திருவள்ளூரிலும் காஞ்சிபுரத்திலும் இருந்தவை. பழைய சென்னையின் எண்ணைப் புதிய சென்னையின் மேல் வைத்தால், எண்ணிக்கையில் வராத பல லட்சம் பேரின் மேல் நிறம் அடித்தவர்கள் ஆகிறோம்.

சென்னை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய எல்லையில் அந்த 175 சதுர கிலோமீட்டருக்குள் 46,46,732 பேர். விழுப்புரத்தைவிட பன்னிரண்டு லட்சம் பேர் அதிகம், ஆனால் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு. கைப்பேசித் திரையில் சென்னை ஒரு கடுகு அளவு. விரலை வைத்தால் பாதி நேரம் திருவள்ளூரின் பெட்டிதான் எழும். கண் பரப்பளவைத்தான் எண்ணும், ஆட்களை எண்ணாது. நிறம் பூசும் வரைபடத்தில் காலி நிலத்துக்கு உரத்த குரலும் நெரிசலான தெருக்களுக்கு மெல்லிய குரலும் கிடைக்கின்றன. இது எனக்கு முன்பே தெரிந்த பாடம்தான், இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்த பாடத்தை ஒவ்வொரு படத்திலும் நினைவு வைத்துக்கொள்வது வேறு விஷயம். நிறங்களைப் பிரிக்கும் இடமும் அப்படித்தான். அரியலூர் 71.34, விழுப்புரம் 71.88. அரை சதவீதத்துக்கும் கொஞ்சம்தான் கூட. ஆனால் நடுவே 71.5-இல் கோடு விழுந்தால் ஒன்று பின்தங்கிய மாவட்டமாகவும் மற்றது பரவாயில்லை போலவும் தெரியும். அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்று மென்பொருள் தானாக முடிவு செய்ததை நான் மாற்றக்கூட நினைக்கவில்லை.

கிராமம் கிராமமாக

திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தேன். முதல் வேலையாக 2011-இன் எண்களுக்கு 2011-இன் எல்லைகளையே போட்டேன். பொதுத் தரவுகளைத் திரட்டிப் பகிரும் தன்னார்வலர்களான டேட்டாமீட் குழுவினர் 2011 கணக்கெடுப்பின் மாவட்ட எல்லைகளைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், அது பெரிய உபகாரம். 32 மாவட்டங்களையும் நிறத்தில் வைத்து, அவற்றின் மேல் இன்றைய 38 மாவட்டங்களின் எல்லையை மெல்லிய கோடாக மட்டும் ஓட விட்டேன். இப்போது தென்காசிக்காரர் ஒருவர் பார்த்தால் தன் மாவட்டம் எது என்று கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். விரல் வைத்தால் வருவது மட்டும் "திருநெல்வேலி, 2011 எல்லைப்படி" என்று இருக்கும். ஆண்டைத் தலைப்பில் மட்டும் போடாமல் பெட்டிக்குள்ளும் போட்டேன். கைப்பேசியில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தலைப்பைத் தாண்டி நேராக விரலைத்தான் வைக்கிறார்கள்.

ஆனால் மாமாவின் கேள்விக்கு இது பதில் ஆகாது. கள்ளக்குறிச்சியின் கணக்கு தனியாக வேண்டும். அதைத் தாலுகாக்களைக் கூட்டி எடுக்கலாம் என்று நினைத்தேன். 2011-இல் விழுப்புரம் மாவட்டத்தில் எட்டுத் தாலுகாக்கள்: செஞ்சி, திண்டிவனம், வானூர், விழுப்புரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம். கடைசி நான்கையும் கூட்டினால் புதிய மாவட்டம் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் தாலுகாக்களும் இடையில் பிரிந்திருக்கின்றன. பழைய திருக்கோவிலூர் தாலுகாவின் ஒரு பகுதி கண்டாச்சிபுரம் தாலுகாவில் சேர்ந்து விழுப்புரத்திலேயே தங்கிவிட்டது. கோடு தாலுகாவின் நடுவே ஓடுகிறது. ஆகவே கிராமத்துக்கு இறங்குவதைத் தவிர வழியில்லை. கணக்கெடுப்பில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் மக்கள்தொகை, ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுத்தறிவு பெற்றவர்கள் எல்லாம் இருக்கின்றன. எந்தக் கிராமம் இன்று எந்த மாவட்டம் என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரி வரியாக எழுதினேன். சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, சில வாரங்கள் ஆனது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இடறுவது இதில்தான். கிராமங்களின் சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. ஐந்நூறு பேர் உள்ள மலைக்கிராமத்துக்கும் ஐயாயிரம் பேர் உள்ள ஊருக்கும் ஒரே எடை கொடுத்ததாகிவிடும். எழுத்தறிவு பெற்ற ஆட்களைக் கூட்ட வேண்டும், ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆட்களைக் கூட்ட வேண்டும், அதன் பிறகுதான் வகுக்க வேண்டும். ஏழு வயது என்பதும் முக்கியம். இந்தியக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் ஆறு வயது வரையிலான குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் கணக்கிடப்படுகிறது. மொத்த மக்கள்தொகையால் வகுத்தால், குழந்தைகள் அதிகம் உள்ள ஊர் காரணமில்லாமல் கீழே இறங்கிவிடும்.

எல்லைகளை மேப்ஷேப்பரில் ஏற்றிச் சுருக்கினேன். உலாவியிலேயே ஓடும் கருவி அது. கிராமக் கோப்பு கைப்பேசியில் திறக்க முடியாத அளவு கனமாக இருந்தது. மேலே ஒரு பட்டியை இழுக்க இழுக்க எல்லைக் கோடுகளின் நெளிவு குறைந்துகொண்டே வரும், கோப்பு இளைத்துக்கொண்டே வரும். பக்கத்துக் கிராமங்கள் பகிர்ந்துகொள்ளும் கோட்டை அது ஒரே கோடாகவே வைத்துச் சுருக்குவதால் நடுவே இடைவெளி விழாது. ரொம்ப இழுத்தால் மட்டும் சின்னக் கிராமங்கள் முக்கோணமாகிவிடும். சங்கராபுரத்தின் பக்கம் ஒரு கிராமம் அப்படி முக்கோணமானதைப் பார்த்துப் பட்டியைத் திரும்பத் தள்ளினேன். யாரோ ஒருவர் அதில் தன் ஊரைத் தேடுவார்.

மேற்கு ஓரத்தில் கல்வராயன் மலைக் கிராமங்கள் ஏற ஏற நிறம் எப்படி வெளுத்துக்கொண்டு போகிறது என்பதைப் பார்த்தபோது, மாமா திண்ணையில் சொன்னது முழுசாகப் புரிந்தது. நடுவே ஆளில்லாத காட்டுப் பகுதிகள். அவற்றுக்கு எண் இல்லை. அவற்றைக் கோடு போட்ட சாம்பலாக விட்டேன், கீழே "மக்கள் வசிக்காத காடு" என்று எழுதினேன். இந்த முறை குழுவில் யாரும் ஓட்டை என்று சொல்லவில்லை. மலைக்குப் பக்கத்தில் எந்த ஊரில் இடம் கிடைக்கும் என்றுதான் பேச்சு போனது.

போன மாதம் புதிய படத்தை மாமாவிடம் கொண்டுபோனேன். அதே திண்ணை. இரண்டு விரலால் மலையை விரித்தார். பெட்டியில் ஊர்ப்பெயர், ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர், சதவீதம், 2011 என்று வந்தது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வெள்ளிமலையைக் கண்டுபிடித்தார், கரியாலூரைக் கண்டுபிடித்தார். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்துத் தலையை ஆட்டினார்.

"இங்க ஒரு ஊர் இருக்கு மாப்ள. உன் படத்துல பேரே இல்ல."

அது ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இருக்கும் சிற்றூர் மாமா, கணக்கெடுப்பில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயரில்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் எழுதிக்கொள் என்றார். நோட்டை எடுத்தேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற வரிசையில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதும் கூடவே வந்தது. ஏழெட்டுப் பெயர் ஆனதும், இதற்கெல்லாம் எல்லை எங்கே என்று கேட்டேன், படத்தில் வரைய வேண்டுமே.

"ஓட தாண்டினா அடுத்த ஊரு," என்றார். "நீ முதல்ல பேர எழுது."